தெரியாமல் அழுத்தியவர்கள்

செயலிக் கடைக்கு எந்தப் புதுச் செயலி வந்தாலும் முதலில் அதை மாசிலாமணியிடம்தான் கொடுப்பார்கள். அவருக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது கடையை நடத்தும் கம்பெனியின் கணக்கு. அவருக்குப் புரியாதது கடைக்குப் போகாது. அதனால் ஒன்பது வருஷமாக வீட்டில் அவர் மனைவி கோமளா அவரை டிவி ரிமோட்டைக்கூடத் தொட விட்டதில்லை.

"கை பழகிடுச்சுன்னா வேலை போயிடும்ங்க" என்பாள்.

இன்று கை பழகிவிட்டது. யாரும் சொல்லாமலே திரையின் மூலையிலிருந்த மூன்று புள்ளிகளை அழுத்திவிட்டார். தரப் பிரிவு மேலாளர் பெனிட்டா அதைப் பார்த்துவிட்டாள்.

"சார், உங்களுக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு. இனிமே வச்சுக்க முடியாது."

"தெரியாம அழுத்திட்டேன் மேடம்."

"தெரியாம அழுத்துறவங்க சிரிச்சுக்கிட்டே அழுத்த மாட்டாங்க. கம்பெனி ஆப்ல ராஜினாமா போட்டுடுங்க."

மாசிலாமணி அரை மணி நேரம் அந்தச் செயலியைத் தடவினார். எங்கே தொட்டாலும் பிறந்தநாள் வாழ்த்துதான் வந்தது.

"இந்த ஆப் என்கிட்ட சோதனைக்கு வரவே இல்லையே மேடம்."

"இது நம்ம ஆப் சார். இதுக்கு எதுக்குச் சோதனை?" என்ற பெனிட்டா, பொறுமையிழந்து தன் போனிலேயே செய்து காட்டினாள். "இதோ, இதை அழுத்தணும். அவ்வளவுதான்."

மறுநாள் மாசிலாமணி வழக்கம்போல வேலைக்கு வந்தார். பெனிட்டா வரவில்லை. அவளுடைய ராஜினாமாவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டிருந்தது.

மதியம் அவளே அவருக்குப் போன் செய்தாள்.

"சார், தெரியாம அழுத்திட்டேன்."

"அப்போ என் பக்கத்து நாற்காலி காலியாத்தான் இருக்கு, வாங்க மேடம்" என்றார் மாசிலாமணி.