மூன்றாவது முனை இல்லாத கேபிள்

மலைமேல் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, கீழே டவுனில் பெரிய ஆஸ்பத்திரி. நடுவே ஒரே ஒரு கேபிள். தகவல்களுக்கு வழி காட்ட அதன் இரு முனையிலும் இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகள் இருந்தன. மலைச் சுவிட்சுக்கு வேறு பேச்சுத் துணையே இல்லை. டவுன் சுவிட்சோ பல சுவிட்சுகள் கூடும் பெரிய சபையில் இருந்து பழகியது. தலைவர் யாரென்று முடிவாகாமல் யாருக்கும் வழி விடாது.

இரண்டும் விடாமல் வணக்கம் சொல்லிக்கொண்டன. விளக்குகள் பச்சையாக எரிந்தன. வழி மட்டும் திறக்கவில்லை.

ஒரு மதியம், பாறையிலிருந்து விழுந்தவள் ஒருத்தியின் ஸ்கேன் படம் மலைச் சுவிட்சிடம் ஓடி வந்தது. "பெரிய டாக்டர் கீழே இருக்காருங்க. சீக்கிரம் அனுப்புங்க."

மலைச் சுவிட்சுக்குப் பதறியது. "ஐயா, இந்த கேபிள்ல நாம ரெண்டு பேர்தானே? நேரா வழி விடுங்களேன்."

"சபைன்னா முறை இருக்கு. முதல்ல தலைவர் யாருன்னு முடிவாகணும்."

"நீங்களே தலைவரா இருங்க. ஒத்துக்கிட்டேன்."

"நீ ஒத்துக்கிட்டா ஆச்சா? வேற யாராவது போட்டிக்கு வர்றாங்களான்னு பார்க்கணும். பொறு."

மலைச் சுவிட்ச் கேபிளைப் பார்த்தது. அதற்கு மூன்றாவது முனை இல்லை. இருந்தும் பொறுத்தது. யாரும் வரவில்லை.

கடைசியில் கீழேயிருந்து கம்பீரமாகக் குரல் வந்தது. "நானே தலைவர். இனி அனுப்பலாம்."

மலைச் சுவிட்ச் ஆவலோடு திரும்பியது. "வழி கிடைச்சிடுச்சு, கிளம்பு!"

படம் அசையவில்லை.

"வேண்டாங்க," என்றது. "அவளோட கட்டில் காலியாயிடுச்சு."