இருபத்திரண்டு படி

ஒரு பாத்திரக்கடையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. கீழே இருந்தது சரக்கிருப்பைப் பார்த்துக்கொள்ளும். மாடியில் இருந்தது ஆன்லைனில் விற்கும். இரண்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

காலையில் கீழ்க் கம்ப்யூட்டர், "குக்கர் பதினொன்று" என்று காட்டும். கடையில் வேலை செய்யும் அற்புதமணி அக்கா அதைச் சீட்டில் எழுதி, முட்டியைப் பிடித்துக்கொண்டே இருபத்திரண்டு படி ஏறி மாடியில் சொல்வார். மாடிக் கம்ப்யூட்டர் சாயங்காலத்துக்குள் பதினொன்றையும் விற்றுவிடும். கட்டி அனுப்பப் போனால் ஏழுதான் இருக்கும். மிச்ச நாலு பேருக்கு, "வருந்துகிறோம்" என்று அழகாக எழுதிப் போடும். முதலாளி கத்துவார். இரண்டு கம்ப்யூட்டரும் அக்காவைக் கைகாட்டும்.

ஒருநாள் இரண்டையும் இணைத்துவிட்டார்கள்.

"குக்கர் பதினொன்று" என்றது கீழ்க் கம்ப்யூட்டர். உடனே, "இல்ல, பத்து. கடைக்கு வந்தவர் ஒண்ணு வாங்கிட்டார்" என்றது.

"தினமும் இப்படிக் குறையுமா?"

"பின்னே? கடை திறந்துதானே இருக்கு."

"அப்போ அக்கா சரியாத்தான் சொல்லியிருக்காங்க."



"எனக்கு எண்ண மட்டும்தான் தெரியும்" என்றது கீழ்க் கம்ப்யூட்டர். "அந்த வார்த்தை உனக்குத்தானே வரும். அவங்க வந்ததும் நீயே சொல்லிடு."

மாடிக் கம்ப்யூட்டர், "வருந்துகிறோம்" என்று எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

கீழே அக்கா உட்கார்ந்து, ஆறாத டீயைக் குடித்துக்கொண்டிருந்தார். இனி அவர் மாடிக்கு வரவேண்டியதே இல்லை.