வழியில் நிற்காத கார்

இது வழியில் நின்றுவிட்டால்? அதுவும் தீவுக்குப் போகும் தாம்போதிப் பாதையின் நடுவில், இரண்டு பக்கமும் கடலாக, வெள்ளிக்கிழமை பின்னேரம், ஒரு சனமும் இல்லாத நேரத்தில்?

யாழ்ப்பாண நகரத்தின் அந்தக் கார் விற்பனை நிலையத்தில், குளிரூட்டிக்கு நேர் கீழே கதிரையில் இருந்தும், அதை நினைத்த நிருஜாவுக்கு மூக்கு நுனி வேர்த்தது. முதல் முதலாகப் புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போலும்.

புதுக் கார் என்றால், ஜப்பானில் கொஞ்சக் காலம் ஓடிவிட்டு வந்த வெள்ளைக் கார். காருக்கும், ஐந்து வருட நீடிப்பு உத்தரவாதத்துக்கும் சேர்த்துக் கனடாவிலிருந்து அண்ணன் காசு அனுப்பிவிட்டான். அவள் கையெழுத்துப் போடுவதுதான் மிச்சம்.

“இந்த வொறன்ரி இருந்தா நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஓடலாம், அக்கா,” என்றான் விற்பனையாளன் சசிகரன். “கார் நிண்டா ஒரு போன் கோல். அரை மணித்தியாலத்தில எங்கட ஆக்கள் வந்து நிப்பினம்.”

“கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் கடலுக்கைதான் போகோணும்,” என்றான் பக்கத்தில் இருந்த யசிந்தன். “தீவுப் பக்கமும் வருவியளோ?”

யசிந்தன் மண்டைதீவில் கார் திருத்தும் கராஜ் வைத்திருக்கிறான். சரவணையில் வீடும் நகரத்தில் வேலையுமாக இருக்கும் நிருஜாவின் பழைய கார் வெள்ளிக்கிழமைகளில் தாம்போதியில் நிற்கும்போதெல்லாம் வந்து கிளப்பிவிடுகிறவன் அவன்தான். பத்திரங்களை வாசித்துச் சொல்ல அவளே அவனைக் கூட்டி வந்திருந்தாள். இன்றைக்கு நகங்களில் எண்ணெய்க் கறுப்பு இல்லை. போட்டிருந்த சேட்டுக்கூட அயன் பண்ணியிருந்தது.

“நயினாதீவெண்டாலும் வள்ளம் பிடிச்சு வருவம், அண்ணை.”

“வாயால வேண்டாம் தம்பி. எழுத்தில காட்டும்.”

யசிந்தன் ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வாசித்தான். ஓரிடத்தில் விரல் நின்றது. “கடல் உப்பால வாற துருவுக்குப் பொறுப்பில்லையாம். எங்கட பக்கம் காத்தே உப்பு. இவ காரை அலுமாரிக்குள்ள பூட்டி வைச்சே ஓடுறது?”

சசிகரன் சிரித்துக்கொண்டே உள்ளே போய் முகாமையாளரிடம் கேட்டுவந்து அந்த வரியை வெட்டினான். யசிந்தன் வெற்றியோடு நிருஜாவைத் திரும்பிப் பார்த்தான். அவள் சிரிக்க முயன்றாள்.

“வெள்ளிக்கிழமை பின்னேரம் நிண்டா?” யசிந்தன் விடவில்லை.

“வருவம்.”

“கோயில் தேர்த்திருவிழா அண்டைக்கு?”

“வருவம்.”

“நத்தார்ப் பண்டிகைக்கு?”

“கேக்கும் கொண்டு வருவம் அண்ணை, ஆளை விடுங்கோ!”

யசிந்தன் கதிரையில் சாய்ந்தான். “இது உம்மட பழைய கார் மாதிரி இல்லை, நிருஜா. தம்பி, அந்தக் காருக்கு ஒரே வருத்தம்தான், பற்றரி வயர் கழண்டிடும். எத்தினை தரம் நான் இறுக்கியிருப்பன்! அதைக் கழட்டிப் பூட்டிறதுக்கெண்டே சிவப்புப் பெயின்ற் அடிச்சு ஒரு பத்தாம் நம்பர் ஸ்பனர் வைச்சிருந்தனான். அதுவும் போன வருசம் எங்கயோ துலைஞ்சு போச்சு.”

“இனி உங்களுக்கு அந்தக் கரைச்சல் இல்லை,” என்று சசிகரன் பேனையை நீட்டினான். “ஒரேயொரு நிபந்தனைதான் அக்கா. அஞ்சு வருசத்துக்கு எங்கட ஆக்களைத் தவிர ஒருத்தரும் முன் பொனற் மூடியைத் திறக்கப்படாது. திறந்தா வொறன்ரி செல்லாது.”

“ஒருத்தரும் எண்டால்?” நிருஜா முதல்முறையாக வாய் திறந்தாள்.

“இந்த அண்ணையும்தான்.”

யசிந்தன் பெரிதாகச் சிரித்தான். பிறகு சிரிப்பு எங்கேயோ போய்விட்டது. “அது நியாயம்தானே,” என்றான், வாசலில் நின்ற காரைப் பார்த்தபடி. “போடும். வழியில தனிய நிண்டு கஷ்டப்படுறதை விட இது நல்லம்.”

ஐந்து வருடம். இருநூற்று அறுபது வெள்ளிக்கிழமைகள். கணக்கு அவளுக்குத் தானாகவே வந்தது. பேனையை மூடி மேசையில் வைத்தாள்.

“எனக்கு வொறன்ரி வேண்டாம். கார் மட்டும் போதும்.”

“அக்கா, காசு கட்டியாச்சு!”

“அந்தக் காசைக் கனடாவிலை இருக்கிற அண்ணைக்குத் திருப்பி அனுப்புங்கோ.”

சசிகரன் முகாமையாளரின் அறைக்கு ஓடினான். யசிந்தன் கதிரையை அவள் பக்கம் திருப்பினான். “உமக்கென்ன விசரே? தண்ணிகூடக் குடியாமல் இவ்வளவு நேரம் வாதாடினனான். நாளைக்குத் தாம்போதியில நிண்டால் என்ன செய்வீர்?”

அவள் அண்ணனுக்கு விஷயத்தைச் சொல்லக் கைப்பைக்குள்ளிருந்து போனை இழுத்தாள். அதோடு சேர்ந்து இன்னொன்றும் வந்து, தரையோட்டில் ‘ணங்’ என்று விழுந்து, யசிந்தனின் செருப்புக்குப் பக்கத்தில் போய் நின்றது.

சின்னதொரு ஸ்பனர். பிடியில் சிவப்புப் பெயின்ற்.

அவன் குனியுமுன் அவள் பாய்ந்து எடுத்துவிட்டாள்.

“அட, என்ர பத்தாம் நம்பர்!” யசிந்தனின் முகம் மலர்ந்தது. கையை நீட்டினான். “எங்க கண்டெடுத்தனீர்? தாரும்.”

நிருஜா அதைக் கைப்பையின் அடியில் வைத்து, சிப்பை மெல்ல இழுத்து மூடினாள்.

“தரமாட்டன். புதுக் காருக்கும் வேணும்.”