வளர்ந்து வந்த பாதி

மார்ச் நான்காம் தேதி காலை, மருத்துவமனையின் கல்லீரல் ஆய்வுப் பிரிவுக்கு அக்கா ஸ்கேனுக்கு வந்தாள். தம்பிக்கு அவள் கொடுத்த பாதிக் கல்லீரல் அவளுக்குள் மீண்டும் வளர்கிறதா என்பதுதான் ஆய்வு. தம்பி போன மாதம் இறந்துவிட்டான்.

"முழுசா வளந்துடுச்சும்மா," என்றார் டாக்டர்.

"அதிசயந்தான். வாங்கினதைத் திருப்பித் தர்ற பழக்கமே அவனுக்குக் கிடையாது," என்று அக்கா சிரித்தாள்.

திரையில், பித்தக் குழாய்க்குள் ஒரு பிளாஸ்டிக் குழாய் தெரிந்தது. தம்பிக்கு டாக்டரே வைத்த அதே குழாய்.

"தம்பியோட படத்தைத் தொறந்துட்டீங்களா?" என்று டெக்னீஷியனிடம் கேட்டார் டாக்டர்.

டெக்னீஷியன் மறுபடியும் ஸ்கேன் எடுத்தார். குழாய் அங்கேயே இருந்தது.

"உங்களுக்கு எப்பவாவது டியூப் வச்சாங்களாம்மா?"

"எனக்கா? அவனுக்குல்ல வச்சீங்க! அவனோட சேத்து எரிச்சாச்சே." அக்கா உள்ளங்கையைச் சொறிந்தாள். "கை அரிக்குதுன்னு கடைசிவரைக்கும் உயிரை வாங்குனான். இப்ப எனக்கு அரிக்குது."

அவள் கண்கள் மஞ்சளாக இருந்தன.

அன்றே வார்டில் சேர்த்தார்கள். தம்பி படுத்திருந்த கட்டில் மட்டும்தான் காலியாக இருந்தது.