உயிர்த்தண்ணீர்

மழையை முன்பதிவு செய்து வாங்குகிற காலம் அது. சுருளிப்பட்டித் தெருக்கோடியில் சந்தோஷும் ஹரிணியும் முதன்முதலாகத் திராட்சை போட்டார்கள். காலையில் குழிக்கு ஒரு குச்சியாக ஊன்றியாயிற்று. சாயந்திரத்துக்கு மழை வாங்கியிருந்தார்கள். ஊன்றிய அன்றே உயிர்த்தண்ணீர் கிடைக்காவிட்டால் குச்சி பிழைக்காது. அடுத்த முறை மழை வருவதோ அடுத்த வாரம்தான்.

மதியம் எதிர்வீட்டுச் சுகன்யா ஓடிவந்தாள்.

"ஏத்தா ஹரிணி, எம் மக கல்யாணப் பந்தி பூரா வெட்டவெளியிலத்தா! மழைய நிப்பாட்டுத்தா!"

"ஜோசியரக் கேட்டுத் தேதி வச்சீக. மழை யாருக்குன்னு கேட்டீகளாக்கா?" என்றான் சந்தோஷ்.

ஹரிணி குச்சிகளைப் பார்த்தாள். பிறகு செல்போனை எடுத்து, மழையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். சந்தோஷ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பாருங்களேன், சாயந்திரம் முதல் பந்தி எழுந்ததும் சுகன்யா கல்யாணத்துக்கு வரவழைத்த லாரித் தண்ணீரைச் செம்பில் மொண்டு நீட்டினாள்.

"கை கழுவுறவுக எல்லாம் திராட்சைத் தோட்டத்துக்குப் போங்க! ஆளுக்கு ஒரு குழி! சோப்புக் கேட்டா அடி விழும்!"

பட்டுச்சேலையும் வேட்டியுமாகச் சனம் வரப்பில் வரிசை கட்டியது.

"யோவ் மாமா, அது என் குழிய்யா!"

"ஒன் பேரா எழுதியிருக்கு? தள்ளுடா!"

சிரித்துக்கொண்டே சந்தோஷும் செம்பு நிரப்பப் போய்விட்டான்.

இருட்டும்போது ஓரத்தில் ஒரே ஒரு குழி காய்ந்து கிடந்தது. கடைசிப் பந்தியில் சாப்பிட்ட பொண்ணும் மாப்பிள்ளையும் மாலையும் கழுத்துமாக வந்து, அந்தக் குச்சியின் காலடியில் ஒருவர் கைக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.