அஸ்கா மாத்திக் கேட்ட கேள்வி

“நாப்பது ஆம்பிளையள்ட்ட கேட்டிரிக்கீங்க, ஒராளுக்கும் மூத்திரக் கரச்சல் இல்லையாம். இந்தக் கண்டக்குழி ஊர்க்காரர் மூத்திரமே போறதில்லயோ?” இனாஸ் கத்துறார். “சொன்னதத்தானே எழுதலாம்! மருமகள் பாத்துட்டு நிக்கக்குள்ள எந்த மனிசன் சொல்லுவார்?” அஸ்காவும் விடுறா இல்ல. ரெண்டு பேரும் கெம்பஸ் முடிச்சிட்டு, இந்த மாதிரி நோய் வருத்தம் எத்தின பேருக்கு இருக்குன்னு ஆராயப் பழகுற பிள்ளைகள். கவுத்துப் போட்ட தோணியில சாஞ்சு நிக்கிறாங்க. பின்னேர வெயில் தாள்கள்ல பட்டுக் கண் கூசுது. எல்லாத்திலயும் ‘இல்ல’தான். இப்பிடியே குடுத்தா, இந்த ஊருக்குக் கிளினிக் தேவையில்லன்னு முடிவாகிடும். பக்கத்துல மஹ்ரூப் நானா வலையில மீன் கழட்டுறார். அசர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லுது. அவர் எழும்பி, வாளித் தண்ணியில கை கால் கழுவி, தொழுறதுக்கு ஒளு எடுக்குறார். மூத்திரம் ஒரு சொட்டுப் போனாலும் ஒளு முறிஞ்சிடும், திரும்பக் கழுவணும். அஸ்கா அவரையே பாக்குறா. தாள மடிச்சு வெச்சிட்டு, கிட்டப் போய் மெதுவாக் கேக்குறா: “மாமா, பகல் லுஹருக்கு எடுத்த ஒளு அசர் வரைக்கும் முறியாம நிக்குதா?” அவர்ட கை அப்பிடியே நிக்குது. முழங்கையில தண்ணி வழியுது. “எங்க மகள் நிக்குது? சொட்டுச் சொட்டாப் போய்டுது. ரெண்டு வருஷமா தொழுகையிலயும் பயம்தான். ஒருத்தரும் கேக்கல்லயே.” இனாஸ் பேனைய நீட்டுறார். அஸ்கா புதுத் தாள்ல முதல் ‘ஓம்’ போடுறா. நாளைக்கு இந்த ஒளுக் கேள்வியோட அந்த நாப்பது பேர்ட்டயும் திரும்பப் போறாங்களாம். அடுத்த கிழம பொம்பிளையள்ட்ட கேக்கணும். உங்க ஊர்ல எப்பிடிக் கேட்டா வெக்கப்படாமச் சொல்லுவாங்க? கீழ எழுதுங்க, நான் அந்தப் பிள்ளைகள்ட்டச் சொல்றேன்.