கட்டைவிரல் பட்டன்

டிக்.

அவள் காபியோடு அறைக்குள் காலெடுத்து வைத்தாலே அந்தச் சத்தம் கேட்கும். மௌஸின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன பட்டனைக் கணவர் கட்டைவிரலால் அழுத்துவார். பார்த்துக்கொண்டிருந்த மெயில் பின்னால் போய், செய்திப் பக்கம் வந்துவிடும்.

தன்னைக் கண்டதும் மனிதர் வேலையை மூடிவிடுகிறார் என்று அக்காவிடம் பீற்றிக்கொண்டிருக்கிறாள். அக்காவுக்கு லேசாக வயிறுகூட எரிந்தது.

இன்றும் டிக் கேட்டது. திரை அசையவில்லை.

டிக். டிக் டிக்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுடைய தையல் கடையிலும் இதே கூத்துதான். பிரவுசரில் டாக்குமென்ட் ஏதாவது திறந்திருந்தால் அந்த பட்டன் செத்துப்போகும்.

"டாக்குமென்ட்ல அது வேலை செய்யாதுங்க. மேல இருக்கற எக்ஸை அமுக்குங்க" என்றபடி குனிந்தாள்.

அவர் அமுக்கவில்லை. கை மௌஸிலேயே கிடந்தது.

திரையில் ஒரு வீட்டு வரைபடம். அவர்கள் கட்டப்போகும் வீடு! ஊருக்கெல்லாம் வீடு வரைந்து கொடுப்பவர், சொந்த வீட்டுக்குக் கோடு போட மட்டும் நேரமே இல்லை என்பார்.

அவள் கேட்டதெல்லாம் இருந்தது. பாத்திரம் கழுவும் இடத்துக்கு நேரே ஜன்னல். தையல் மெஷினுக்குத் தனி மூலை. செருப்பு வைக்கும் பலகையைக்கூட விடவில்லை. அவளுக்கு வாயெல்லாம் பல்.

வாசலை ஒட்டிய அறையைத் தேடினாள். அப்பாவின் அறை.

அப்பா இருப்பது அண்ணன் வீட்டில், மூன்றாவது மாடி. அங்கே லிஃப்ட் கிடையாது. அவருக்கு முழங்காலும் கிட்டத்தட்ட கிடையாது. கீழ்த்தளத்தில் தனக்கு அறை வருகிறதென்று அக்கம்பக்கத்தில் விடைபெறவே ஆரம்பித்துவிட்டார். போன வாரம் தன் கட்டிலையும் அலமாரியையும் அளந்துகூடக் கொடுத்தார். அடங்க வேண்டுமே என்ற கவலை.

அந்த இடத்தில் ஒரு கார் நின்றது. மேலிருந்து பார்ப்பதுபோல அழகாக வரைந்த கார்.

அவர்களிடம் கார் இல்லை.

வேறு பக்கம் தள்ளி வைத்திருப்பாரோ என்று மாடிவரை தேடிப் பார்த்தாள். எங்கும் இல்லை.

"சும்மா ஒரு மாதிரி போட்டுப் பார்த்தேன்" என்றார் அவர், திரையைப் பார்த்தபடியே.

வரைபடத்தின் அடியில் நகராட்சியின் அனுமதி முத்திரை இருந்தது. போன வருஷத் தேதி.

இத்தனை நாளும் அந்த டிக் தனக்காகத்தான் என்று நினைத்திருந்தாளே. கோபம்கூட வரவில்லை. ஏமாந்துவிட்டோம் என்றுதான் தோன்றியது.

போன வாரம் அளக்கும்போது அப்பாவால் குனிய முடியவில்லை. தரையில் மண்டியிட்டு டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் பிசகாமல் படித்துச் சொல்லி, தாராளமாக அடங்கும் மாமா என்று அவர் தோளைத் தட்டியவர் இவர்தான்.